யாருமே ஃபெயில் ஆகாத பரீட்சை: எல்இடி பாஸ்பர் கட்டுரைகளைப் பற்றி

எல்இடி பாஸ்பர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் பொழுதுபோக்காகப் படிக்கிறவன் நான். தொழில் மென்பொருள், படிப்பு பி.இ.; கெமிஸ்ட்ரி லேபுக்குள் கால் வைத்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. புதுசாக ஒரு படிகம் செய்வார்கள். அதில் ஏதோ ஒரு அருமண் தனிமத்தை 1, 3, 5, 7 சதவீதம் என்று கலப்பார்கள். ஒளி எங்கே உச்சம் தொடுகிறதோ அதுதான் 'உகந்த செறிவு'. அடுத்து ஒரு சூத்திரம், அதற்கடுத்து முடிவுரை. எனக்குத் தகராறு அந்தச் சூத்திரத்தோடுதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவதன் உள்ளே இருப்பது நீல விளக்கு. அதன்மேல் பூசிய பொடி நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் துப்புகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. 1996-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த வழி இது. பொடியின் பெயர் யாக், அதாவது இட்ரியம் அலுமினியம் கார்னெட். சுத்தமான யாக் நீல ஒளியைக் கண்டுகொள்ளாது. இட்ரியம் உட்கார வேண்டிய இடங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் சீரியம் உட்கார்ந்தால்தான் மஞ்சள் வரும். மாசுதான் இங்கே விளக்கு. (எங்க ஊருக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமனுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. 1923-ல் அவரோடு வேலை செய்த கே.ஆர். ராமநாதன் பார்த்த மங்கலான ஒளியை மாசினால் வருவது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1928-ல் அதுவே ராமன் விளைவு.)

சீரியத்துக்கு இது புது வேலை இல்லை. பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ஆவர் வான் வெல்ஸ்பாக் 1891-ல் பிடித்த விகிதம். அதற்கு வேண்டிய மோனசைட் மணல் பிற்பாடு நம்ம மணவாளக்குறிச்சியிலிருந்தும் கப்பலேறியது. அங்கே ஒளி சூட்டினால் வருகிறது, இங்கே நீல ஒளியால். இரண்டும் வேறு வேறு சமாசாரம். ஆனால் சீரியத்தை அதிகமாகக் கொட்டினால் மங்கும் என்பது இரண்டுக்கும் பொது.

எல்இடி பொடியில் ஏன் மங்குகிறது? சீரியம் அணுக்கள் தள்ளித் தள்ளி இருந்தால், வாங்கிய ஆற்றலை ஒவ்வொன்றும் தானே ஒளியாக விடும். நெருங்கினால் பக்கத்து அணுவுக்குக் கைமாற்றிவிடும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பின்னால் நிற்கிறவருக்குப் பிரசாதத் தொன்னையைக் கைமாற்றி அனுப்புகிற மாதிரி. எத்தனை கை மாறுகிறதோ, எங்கேயாவது நழுவுகிற வாய்ப்பும் அத்தனை கூடும். படிகத்தில் அந்த நழுவும் கை ஏதோ ஒரு குறைபாடு. ஆற்றல் அங்கே வெறும் சூடாகப் போய்விடும்.

இப்போது சூத்திரம். 1960-களின் கடைசியில் டச்சு வேதியியலாளர் ப்ளாஸே கொடுத்தது. ஒளி குறையத் தொடங்கும் செறிவை அதில் போட்டால், அணுக்களுக்கு நடுவே ஒரு 'மாறுநிலைத் தூரம்' கிடைக்கும். அது 5 ஆங்ஸ்ட்ரத்துக்கு மேலே இருந்தால், எலக்ட்ரான் பரிமாற்றம் காரணமில்லை, பன்முனை இடைவினைதான் காரணம் என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள்.

பைத்தானில் பத்து வரி எழுதி யாக்குக்குப் போட்டுப் பார்த்தேன். அலகுக் கூட்டின் பக்கம் 12.01 ஆங்ஸ்ட்ரம், அதற்குள் இட்ரியம் இடங்கள் 24. சீரியம் 1 சதவீதம் என்றால் தூரம் 24 ஆங்ஸ்ட்ரம். 3 சதவீதத்துக்கு 16.6. 5-க்கு 14. 10-க்கு 11.1. சரி, எப்போதுதான் 5-க்குக் கீழே இறங்கும்? இட்ரியத்தை முழுசாகத் தூக்கிவிட்டு 100 சதவீதம் சீரியமே போட்டாலும் வருவது 5.17!

ஆக, யாக்கைப் பொறுத்தவரை இந்தப் பரீட்சையில் தோற்கவே முடியாது. அளந்தாலும் அளக்காவிட்டாலும் பதில் முன்கூட்டியே தயார். இட்ரியம் இன்னும் நெருக்கமாக இருக்கும் இட்ரியம் ஆக்சைடில்கூட 57 சதவீதம் கலந்தால்தான் அந்தக் கோட்டைத் தொட முடியும். எப்போதும் பாஸ் ஆகிற டெஸ்டை எங்க தொழிலில் யாரும் டெஸ்ட் என்று சொல்ல மாட்டார்கள். கனமூலம் வேறு சேர்ந்துகொள்கிறது: செறிவு எட்டு மடங்கு மாறினால்தான் தூரம் பாதியாகும். உச்சப்புள்ளியை அரைகுறையாக அளந்திருந்தாலும் விடை கௌரவமாகவே தெரியும். ப்ளாஸேயைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தோராய மதிப்பீட்டைத் தீர்ப்பாக்கியது பின்னால் வந்தவர்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு அந்த 'உகந்த செறிவு' என்ற வார்த்தையில் இருக்கிறது. பொடியின் உச்சம் துகள் அளவையும், சூளையில் சேர்ந்த குறைபாடுகளையும், எவ்வளவு நீலத்தை உறிஞ்சியது என்பதையும் சேர்த்தே காட்டும். வெப்பநிலை இன்னொரு பக்கம். பாக்மன், ரோண்டா, மெயரிங்க் மூவரும் 2009-ல் யாக்கை வைத்தே இதைக் காட்டினார்கள்: 0.033 சதவீத சீரியம் 600 கெல்வின் தாண்டியும் தளரவில்லை, 3.33 சதவீதம் அதற்கு ரொம்ப முன்னாலேயே தளர்ந்தது. அறை வெப்பநிலையில் எடுத்த உச்சம், 100 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சிப்பின் தலையில் உட்காரும் பொடிக்கு எப்படிப் பொருந்தும்? அதுவும் மே மாசத்துத் திருச்சித் தெருவிளக்கில்?

ஒரு ஆராய்ச்சி மாணவர் சூளை முன்னால் வருஷக்கணக்கில் நின்று செய்த படிகம், கடைசியில் இந்த ஒரு வரி விடைக்காகச் செலவாவதுதான் எனக்கு ஆற்றாமை. அதே பொடியில் ஒளிர்வின் ஆயுட்காலத்தை ஒவ்வொரு செறிவுக்கும், இரண்டு மூன்று வெப்பநிலைகளிலும் அளந்து போட்டிருந்தால், கைமாற்றம் எங்கே தொடங்குகிறது என்று நேராகவே தெரிந்திருக்கும். அந்த வளைவும் குவாண்டம் திறனும் உள்ள கட்டுரை கிடைத்தால் இப்போதெல்லாம் முழுசாக வாசிக்கிறேன். மற்றவற்றில் எக்ஸ்ரே படத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.