தொலைவில் துணிவு, வாசலில் மௌனம்

மக்கள் மன்றங்களில் பேசுவோரின் உரைகளை நாம் பெரும்பாலும் தனித்தனியாகவே படிக்கின்றோம். போரைப் பற்றிய பேச்சைப் போரோடும், கல்வியைப் பற்றிய பேச்சைக் கல்வியோடும் வைத்து மதிப்பிட்டு முடித்துவிடுகின்றோம். ஒருவர் பல துறைகளிலும் பேசியவற்றை ஒருசேர எடுத்துவைத்து, அவர் எங்கே வாய் திறந்தார், எங்கே வாய் மூடினார் என்று நோக்குவது அரிது. அவ்வாறு நோக்கப்பட வேண்டிய ஒருவர் ஜே. வில்லியம் புல்பிரைட். அவர் அமெரிக்கச் செனட் சபையில் ஆர்கன்சா மாநிலத்தின் சார்பில் 1945 முதல் 1974 வரை அமர்ந்திருந்தவர்.

அவருடைய புகழ் பொய்ப்புகழன்று. பல நாட்டு மாணவரும் ஆசிரியரும் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் சென்று பயிலும் உதவித் திட்டம், 1946இல் அவர் கொண்டுவந்த சட்டத்தால் பிறந்தது. 1950இல் இந்தியாவும் அதில் இணைந்தது. கண்டவரையெல்லாம் கம்யூனிஸ்ட் என்று குற்றஞ்சாட்டி நாட்டையே நடுங்கவைத்தவர் செனட்டர் மெக்கார்த்தி. அவருடைய விசாரணைக் குழுவுக்கு 1954இல் பணம் ஒதுக்க முற்பட்டபோது, செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் புல்பிரைட் ஒருவரே. 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு வேண்டாமென்று அதிபர் கென்னடியிடம் முன்னதாகவே எடுத்துரைத்தவரும் அவரே.

வியட்நாம் விஷயத்தில் அவர் முதலில் தவறினார். அதிபர் ஜான்சன் அங்கே படைபலத்தைப் பயன்படுத்த வழிவிட்ட டோன்கின் வளைகுடாத் தீர்மானத்தை, 1964 ஆகஸ்டில் செனட்டில் முன்னின்று நிறைவேற்றித் தந்தவர் அவர்தாம். எதிர்த்தவர் இருவரே. பின்னர் அதற்காக வருந்திய அவர், 1966இல் வெளியுறவுக் குழுவின் தலைவராக இருந்து அப்போரைப் பற்றிய விசாரணையைத் தொலைக்காட்சியின் வழியாக நாட்டு மக்கள் முன்னிலையில் நடத்தினார். ஜான்சன் சொந்தக் கட்சிக்காரர், பழைய நண்பர். அந்த நட்பை இழக்கவும் அவர் துணிந்தார்.

அதே ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளே ‘அதிகாரத்தின் ஆணவம்’ என்னும் நூலாயின. வலிமை மிக்க நாடு தன் வலிமையையே தன் நற்பண்பென்று மயங்கிவிடுகின்றது, பிறரைத் தன் சாயலில் திருத்தியமைக்கும் பொறுப்பு தனக்கு உண்டென்று எண்ணிக்கொள்கின்றது என்பது அதன் சாரம். பகைவரைப் பழிப்பதை விடுத்துத் தம் நாட்டையே வினவுவதுதான் அந்நூலின் சிறப்பு. அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆயினும், அதே நாவின் மற்றொரு பக்கத்தையும் நாம் பார்த்தாக வேண்டும். பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென்று 1954இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநிலப் பிரதிநிதிகள் 1956 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்பமிட்ட 19 செனட்டர்களுள் புல்பிரைட்டும் ஒருவர். அடுத்த ஆண்டு அவருடைய மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குள் நுழைய இராணுவமே வர வேண்டியதாயிற்று. அந்நாளில் அவர் மௌனம் காத்தார்.

1964 மார்ச் 25 அன்று அவர் செனட்டில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. சோவியத் நாட்டையும் கியூபாவையும் பற்றிய பழைய கற்பனைகளைக் களைந்து புதிய மெய்மைகளைக் காணுங்கள் என்று அவர் வேண்டினார். மறுநாளே, சிவில் உரிமை மசோதாவை எடுத்துக்கொள்ள அதே சபை முடிவு செய்தது. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பதைக் காட்டிலும் பழைய கற்பனை வேறு எது? அதைக் களைய அவர் முன்வரவில்லை. ஜூன் 19 அன்று மசோதா 73க்கு 27 என்ற வாக்கில் நிறைவேறியபோது, அந்த 27 பேருள் அவரும் இருந்தார். 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். போரில் பிழைத்த ஜான்சனே இவ்விரு சட்டங்களிலும் கையெழுத்திட்டவர். போரை எதிர்த்து நின்ற புல்பிரைட்டோ அவற்றுக்குக் குறுக்கே நின்றார்.

அவருக்காக வாதிடுவோர் கூறுவதையும் நாம் ஒதுக்கிவிடலாகாது. அன்றைய ஆர்கன்சாவில் வேறுவிதமாக வாக்களித்திருந்தால் அவர் பதவி இழந்திருப்பார், அவரிடத்தில் நிறவெறியர் ஒருவர் வந்திருப்பார், 1966இன் விசாரணையும் நடந்திராது என்பது அவர்கள் வாதம். இது எடையுள்ள வாதமே. ஆனால் பக்கத்து மாநிலமான டென்னசியின் செனட்டர்கள் கெபாவரும் ஆல்பர்ட் கோரும் 1956ஆம் ஆண்டு அறிக்கையில் ஒப்பமிடவில்லை. கோர் 1958இலும், கெபாவர் 1960இலும் மீண்டும் வென்றனர். டெக்சாஸின் யார்பரோ 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே வெற்றியும் பெற்றார். ஆர்கன்சாவின் நிலை இன்னும் கடினமாயிருந்திருக்கலாம். எனினும், வேறு வழியே இல்லை என்ற கூற்றை இவர்கள் வாழ்ந்து மறுத்துள்ளனர். இத்தனை விலை கொடுத்துக் காத்த பதவியும் 1974இல் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே கைநழுவிற்று.

பதவி என்பது ஓர் அமானிதம். அதை ஒப்படைத்தவருள் வாக்களிக்க முடியாதபடி தடுக்கப்பட்டவரும் அடங்குவர். வியட்நாமியக் குடியானவனின் துயரை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து உணர்ந்த ஒருவருக்கு, தம் மாநிலத்துச் சிறுமி பள்ளி வாசலில் பட்ட துயர் தெரியாமலிருந்திராது. தெரிந்தும் பேசாதிருந்தமையே நம் குற்றச்சாட்டு.

ஆதலால் அவர் நூலை நாம் புறக்கணிப்போமா? வேண்டியதில்லை. அதில் உள்ள உண்மை அவர் செயலால் பொய்யாகிவிடாது. அவருக்கும் சேர்த்தே அது பொருந்துகின்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்நூலைப் படிக்கட்டும். படிக்கும்போது 1956, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் எப்பக்கம் நின்றார் என்பதையும் அருகில் வைத்துக்கொள்ளட்டும்.