ஆசிரியர் மேசையிலிருந்து ஐ.நா. அவைக்கு: ஆற்காடு இராமசாமி முதலியாரின் மூன்று வாழ்க்கைகள்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலை கடப்பது, ஜவ்வாது மலையை ஒட்டிய பழைய வட ஆற்காட்டு நிலம். அந்த ஆற்காட்டைத் தம் பெயரோடு சுமந்த ஒருவர்தான் 1945 ஜூன் 26 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டார். அவர் ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் வரலாற்றில் அவர் பத்திரிகை ஆசிரியர். அயலுறவு வரலாற்றில் தூதுவர். தொழில் வரலாற்றில் 1955இல் தொடங்கிய ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் முதல் தலைவர். மூன்று துறைகளும் அவரைத் தனித்தனியே எழுதி வைத்திருக்கின்றன. சேர்த்துப் படித்தால்தான் மனிதர் முழுதாகத் தெரிவார்.

1887இல் கர்நூலில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்த முதலியார், வழக்கறிஞராகி நீதிக்கட்சியில் சேர்ந்தார். 1919இல் லண்டன் சென்று பார்ப்பனரல்லாதாரின் பிரதிநிதித்துவத்துக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 முதல் 1926 வரை சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார். 1926 தேர்தல் தோல்வி அவரை ‘ஜஸ்டிஸ்’ நாளிதழின் ஆசிரியர் நாற்காலிக்குக் கொண்டுவந்தது. டி.எம். நாயர் முதலான கட்சித் தலைவர்கள் 1917இல் தொடங்கிய ஆங்கில ஏடு அது. அதைப் படித்தவர்களில் கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, வெள்ளை அதிகாரிகளும் காங்கிரஸ் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். எதிர்ப்பவரும் ஒதுக்கித் தள்ள முடியாதபடி கட்சியின் கோரிக்கையை எழுதுவதே அன்றாட வேலை. அவருடைய 1927ஆம் ஆண்டுத் தலையங்கங்கள் ‘மிரர் ஆஃப் தி இயர்’ என்ற தொகுப்பாகவே கிடைக்கின்றன. அவரை ஆராய்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆசிரியராக இருந்தபடியே 1928 முதல் 1930 வரை சென்னை மேயராகவும் பணியாற்றினார். பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டில் ‘தி இந்து’ ஆசிரியர் அ. ரங்கசாமி ஐயங்காரும் அவரும் எதிரெதிர் அரசியலோடு ஒரே அவையில் அமர்ந்தார்கள்.

அந்தப் பத்திரிகைப் பயிற்சி எங்கே பலித்தது என்பதைச் சான் பிரான்சிஸ்கோவில் அருகில் சென்று பார்க்கலாம். சாசனத்தை வகுத்த அந்த மாநாட்டில், பொருளாதார, சமூக ஒத்துழைப்புக்கான குழுவுக்கு முதலியார் தலைவர். வல்லரசுகள் முன்பே தயாரித்திருந்த டம்பார்ட்டன் ஓக்ஸ் வரைவில் பொருளாதார சமூக மன்றம் ஐ.நா.வின் முதன்மை உறுப்புகளில் ஒன்றாக இல்லை; சாசனம் முடிவானபோது அந்தத் தகுதியைப் பெற்றிருந்தது. வாழ்க்கைத் தரம், முழு வேலைவாய்ப்பு, மனித உரிமை ஆகியவை பற்றிய விதிகள் உருவானதும் இந்தக் குழுவின் விவாதங்களில்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நாடு மறுப்புச் சொல்லும் இடத்தில் எல்லோரும் ஒப்பும் வாசகத்தைக் கண்டெடுப்பது, நல்ல தலையங்க ஆசிரியர் அறிந்த கலை. 1946 ஜனவரியில் லண்டனில் கூடிய அந்த மன்றம் அவரையே முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த மாதமே அனைத்துலகச் சுகாதார மாநாட்டைக் கூட்டவும் மனித உரிமை ஆணையத்தை அமைக்கவும் தீர்மானித்தது. அந்தச் சுகாதார மாநாட்டில் பிறந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு, பின்னர் அவருடைய இரட்டைச் சகோதரர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைவரானார்.

இந்தப் பெருமையோடு ஒரு கேள்வியையும் வைத்தே ஆக வேண்டும். 1934 மத்திய சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸின் எஸ். சத்தியமூர்த்தியிடம் தோற்ற பிறகு, முதலியார் உயர்ந்ததெல்லாம் நியமனங்களால். 1939இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழு, 1942இல் லண்டன் போர் அமைச்சரவை, பிறகு சான் பிரான்சிஸ்கோ: எதிலும் மக்கள் வாக்கு இல்லை. சான் பிரான்சிஸ்கோ சென்ற தூதுக்குழு இந்தியாவின் குரல் அல்ல என்று தேசிய இயக்கத்தினர் சொன்னார்கள்; விஜயலட்சுமி பண்டிட் அதே நகரத்தில் விடுதலைக்காகத் தனியே வாதாடினார். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானப் பிரச்சினை ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு வந்தபோது, இந்தியாவின் தரப்பை எடுத்துவைக்க நேரு அரசு முதலியாரையே அனுப்பியது. அவரை நியமித்த ஆட்சி போன பிறகும் அவர் திறமைக்கு மதிப்பு இருந்தது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். ராஜரத்தினத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ இணையாசிரியராக இருந்த அவர், 1954இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959இல் தேர்தலில் வென்றார். 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராகி, 1967இல் ஆசியானை உருவாக்கிய பாங்காக் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். ‘தி இந்து’வில் பணியாற்றிய ஜி. பார்த்தசாரதி 1965 முதல் ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாக இருந்தார். மூவரும் பத்திரிகையிலிருந்து பெற்ற கருவி ஒன்றே. ராஜரத்தினத்துக்கு மட்டும் அதன் பின்னால் வாக்காளர்கள் நின்றார்கள். அதனால்தான் சிங்கப்பூர் அவரைத் தேசத்தை உருவாக்கியவர்களில் ஒருவராகக் கொண்டாடுகிறது. முதலியாருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

எழுத்துத் திறமை ஒருவரை உலக அவை வரை கொண்டுபோகும். மக்கள் நினைவில் நிறுத்துவதற்கு அது மட்டும் போதாது. ஆனால் மக்கள் மறந்தவரை ஆய்வாளர்களும் கைவிட வேண்டியதில்லை. ‘ஜஸ்டிஸ்’ தலையங்கங்களையும் சான் பிரான்சிஸ்கோ குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே இனி நடக்க வேண்டிய வேலை. சென்னையில் பிரதிநிதித்துவம் கேட்ட குரல், உலக அவையில் மனித உரிமை பற்றிய வாசகங்கள் உருவான குழுவுக்குத் தலைமை தாங்கிய வழி அங்கேதான் துலங்கும். தமிழ்நாட்டு அரசியல் சிந்தனைக்கு உலக வரலாற்றில் உரிய பங்கை, அந்த வாசிப்பைக் கொண்டுதான் நாம் ஆதாரத்தோடு கேட்க முடியும்.