கையெழுத்தும் தலையெழுத்தும்

“கையெழுத்து அழகாயிருந்தால் தலையெழுத்து அழகாயிராது” என்பது நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல். எழுத்துக் கோணலான மாணவன் தன் குறையை மறைக்க இதனைத் துணைக்கு அழைப்பான். இதனை அறிவியல் என்று எவரும் கொள்வதில்லை. ஆயின், “உன் கையெழுத்தைக் காட்டு, உன் குணத்தைக் கூறுகிறேன்” என்று ஒருவர் முன்வந்தால், அதற்கு மட்டும் கலை என்றும் அறிவியல் என்றும் பெயர் கிடைத்துவிடுகிறது. அப்பெயருக்கு அது தகுதி உடையதுதானா என்று ஆராய்வது நம் கடமை.

இக்கருத்து இன்று நேற்றுப் பிறந்ததன்று. இத்தாலிய அறிஞர் கமில்லோ பால்டி 1622ஆம் ஆண்டிலேயே இதுபற்றி நூல் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷோன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இதற்குக் ‘கிராபாலஜி’ என்று பெயர் சூட்டினார். இன்ன கோடு இன்ன குணத்தைக் காட்டும் என்பது அவர் கொள்கை. அக்குறி இல்லையேல் அதற்கு எதிரான குணம் உண்டு என்றும் அவர் கொண்டார். அவர் வழிவந்த கிரேப்பியூ-ஜாமேன் இதனை மறுத்தார். தனிக் குறிக்கு நிலையான பொருள் இல்லை. எழுத்து முழுவதையும் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும் என்றார்.

இத்திருத்தம் முதிர்ந்த கருத்தாகவே தோன்றும். ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. ஒரு குறிக்கு ஒரே பொருள் என்றால், அது தவறும்போது தவறு என்று காட்டலாம். இடத்திற்கேற்ப அதன் பொருள் மாறும் என்றால், எந்தத் தவறுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். தவறவே முடியாத கொள்கையைச் சோதிப்பது எங்ஙனம்?

இத்துறையினர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. எழுதுவது கை மட்டும் செய்யும் தொழிலன்று; மூளை அதனை இயக்குகிறது. களைப்பும் அவசரமும் எழுத்தை மாற்றுகின்றன. பார்க்கின்சன் நோய் கண்டவர் பலருக்கு எழுத்து வரவரச் சிறுத்துப்போவதை மருத்துவர் அறிவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை உடலின் இயக்கத்தைப் பற்றிய உண்மைகள். நடுங்கும் கோட்டிலிருந்து நடுங்கும் கையை அறியலாம். நேர்மையை அறிய வழி யாது? உடலியக்கத்திலிருந்து ஒழுக்கத்திற்குத் தாவும் அந்த ஒரு தாவலுக்குத்தான் சான்று வேண்டும்.

சான்று தேடியவர்களும் உண்டு. 1989ஆம் ஆண்டில் நெட்டர், பென்-ஷக்கார் என்னும் இருவர், முன்னர் நடந்த 17 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். எழுதியவரின் குணத்தையும் திறமையையும் கணிப்பதில், இத்துறை வல்லுநர், பயிற்சியற்றவரைவிடச் சிறந்து விளங்கவில்லை. அவர்கள் ஓரளவு சரியாகக் கூறிய இடங்களிலும் துணை நின்றது கோடன்று, எழுதப்பட்ட செய்தியே. தன் வாழ்க்கை வரலாற்றை ஒருவன் எழுதித் தந்தால், அதனைப் படித்து அவன் இயல்பை ஊகிக்க எழுத்துச் சோதிடர் எதற்கு?

அவ்வாறாயின், “என்னைப் பற்றி அப்படியே சொன்னாரே!” என்று பலர் வியப்பது ஏன்? இதற்கு விடை 1949ஆம் ஆண்டில் போரர் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. அவர் தம் மாணவர் 39 பேருக்கும் ஒரே குணவிளக்கத்தைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அது தமக்கென்றே எழுதப்பட்டது என்று நம்பினர். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டபோது, ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் தந்தனர். “பிறர் மதிக்க வேண்டும் என்று விரும்புகிறீர், சில வேளைகளில் உம்மையே ஐயுறுகிறீர்” என்ற போக்கில் கூறினால், யாருக்குத்தான் அது பொருந்தாது?

தமிழருக்கென்று ஒரு கேள்வியும் எழுகிறது. இக்குறிகள் யாவும் உரோமன் எழுத்தைப் பார்த்து வகுத்தவை. ‘டி’ என்னும் எழுத்தின் குறுக்குக் கோடு, ‘ஐ’ என்னும் எழுத்தின் மேற்புள்ளி, வார்த்தையின் சாய்வு ஆகியவற்றையே அவர்கள் நோக்குவர். புள்ளியை விடுபவர் கவனமற்றவர் என்பது அவர்கள் வழக்கமாகக் கூறும் விதிகளுள் ஒன்று. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதியபோது மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை பழுதாகும். இவ்விதிப்படி, நம் இலக்கியங்களைக் காத்துத் தந்த ஏடெழுதுவோர் அனைவரும் கவனமற்றவர் ஆகிவிடுவர்! அங்கே புள்ளியை நீக்கியது குணமன்று, ஓலை.

1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் மலேசிய, சிங்கப்பூர்ப் பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. இன்றும் ஒருவர் ‘லை’யை யானைத் துதிக்கைபோல் வளைத்து எழுதினால், அவர் எக்காலத்தில் எழுத்துக் கற்றார் என்று பெரும்பாலும் கூறிவிடலாம். அவர் பிடிவாதக்காரரா என்று கூற முடியாது. ஆம், கையெழுத்து பேசுகிறது. கற்பித்த ஆசிரியரையும், கற்ற காலத்தையும், பிடித்த கருவியையும், எழுதிய அவசரத்தையும் அது பேசுகிறது. நாம் கேட்க விரும்புவதை மட்டும் அது பேசுவதில்லை.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாகாதோ எனின், விடலாகாது. பிரான்சில் நெடுங்காலம் பல நிறுவனங்கள் கையெழுத்தை ஆராய்ந்து வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்தன. அங்ஙனம் தள்ளப்பட்டவர், தாம் செய்யாத குற்றத்திற்குத் தண்டம் பெற்றவரே அல்லரோ?

அக்குற்றம் நமக்கும் தொலைவில் இல்லை. ஒரே கட்டுரை நல்ல கையெழுத்தில் வந்தால் மிகுந்த மதிப்பெண்ணும், கோணல் எழுத்தில் வந்தால் குறைந்த மதிப்பெண்ணும் பெறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மதிப்பெண் இட்டவர்கள் எழுத்துச் சோதிடர் அல்லர், ஆசிரியர்களே. கோணல் எழுத்தைக் கண்டதும் “சோம்பேறி” என்று நம் மனம் முணுமுணுக்கிறதே, அதுவும் இச்சோதிடந்தான். கட்டணம் வாங்காத சோதிடம்.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் திருத்தமான எழுத்தைக் கற்பிக்கட்டும். அது படிப்பவர்க்குச் செய்யும் மரியாதை. எழுத்துப் பிழைபட்டால் எழுத்தைத் திருத்துவோம். மாணவனின் குணத்தை அவன் செயலில் தேடுவோம். ஏட்டின் கோணல் கோட்டை வைத்து ஒரு குழந்தையின் தலையெழுத்தை எழுதும் உரிமை நமக்கு இல்லை.