ஜன்னலில் வந்து முகம் காட்டு: கொள்ளைநோயும் வகுப்பறையைப் பார்க்கும் கண்களும்

கொள்ளைநோய் கண்ட ஊரை எப்படி நடத்துவது என்று 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் எழுதி வைக்கப்பட்ட ஒழுங்குமுறை ஒன்றை மிஷேல் ஃபூக்கோ 1975இல் வெளிவந்த தன் ‘கண்காணிப்பும் தண்டனையும்’ நூலில் எடுத்து வைக்கிறார். ஊர் வாசல்கள் அடைக்கப்படும். தெருவுக்கு ஒரு அதிகாரி. வீடுகளை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதிகாரி தினமும் தெருவில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தனக்குரிய ஜன்னலில் வந்து முகம் காட்ட வேண்டும். காட்டாதவர் நோயில் கிடக்கிறார் அல்லது செத்துப்போனார் என்று பதிவேட்டில் ஏறும். பள்ளி, பாசறை, ஆஸ்பத்திரி, சிறை என்று நவீன அதிகாரம் உடல்களை வரிசைப்படுத்தி வைத்த இடங்களைப் புரிந்துகொள்ள இந்த ஊரிலிருந்து தொடங்குகிறார் அவர்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, சில மாதங்களில் தனியார் பள்ளிகள் திரையில் வகுப்பு நடத்தத் தொடங்கியபோது இந்த ஊர் அப்படியே நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள். பெயர் கூப்பிட்டால் ஒரு முகம். ‘பிரசன்ட் மிஸ்.’ கேமராவை அணைத்து வைத்திருக்கும் பிள்ளையிடம் ‘வீடியோ ஆன் பண்ணு, மூஞ்சியக் காட்டு’ என்று ஒரு குரல். ஃபூக்கோ படித்தவர்களுக்குக் கை பரபரக்கும். கோட்பாடு இத்தனை கச்சிதமாக நிஜத்தில் வந்து பொருந்தினால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

முதலாவது, பெயர் கூப்பிட்ட ஆசிரியையும் ஒரு ஜன்னலுக்குள்தான் இருந்தார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டுச் சுவர், கொடியில் காயும் துணி, குக்கர் விசில். பிள்ளையின் ஜன்னலுக்குப் பக்கத்தில், கேமராவில் விழாமல், அப்பா, அம்மா, தாத்தா. நூற்றைம்பது வருஷமாகச் சாத்தியே கிடந்த வகுப்பறைக் கதவு ஒரேயடியாகத் திறந்துகொண்டது. ‘இங்கிலீஷே ஒழுங்கா வரலை, இதுக்கா இவ்வளவு ஃபீஸு’ என்று ஒரு தகப்பன் சொன்னது ஒலிவாங்கி வழியாக வகுப்பு முழுக்கக் கேட்டது. அந்த ஆசிரியைக்கு அந்த மாதம் பாதிச் சம்பளம், அல்லது அதுவும் இல்லை. கொள்ளைநோய் ஊரின் தெரு அதிகாரிக்கு மேலேயும் மேற்பார்வையாளர் உண்டு என்பதை ஃபூக்கோ சொல்லத்தான் செய்கிறார். ஆனால் அந்த அதிகாரி ஜன்னலில் இருப்பவர்களிடம் கூலி வாங்கவில்லை. இங்கே பார்க்கிறவர் வாடிக்கையாளர். ஒழுங்கின் கண்ணும் சந்தையின் கண்ணும் ஒன்றல்ல. இரண்டையும் ‘கண்காணிப்பு’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடினால் நாம் பார்க்க வேண்டியதே மறைந்துபோகும்.

இரண்டாவது, நம் நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஜன்னலே இல்லை. போன் ஒன்று, அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய அலைவரிசை அது. அதில் பிள்ளை ஆசிரியரைப் பார்க்கலாம், ஆசிரியர் பிள்ளையைப் பார்க்க முடியாது. ஃபூக்கோவின் ஊரில் முகம் காட்டாதவனைத் தேடிப் போவார்கள். இங்கே முகம் காட்டாத பிள்ளை செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் போயிருக்கலாம், பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போயிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அரசுக்கு அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிற அரசு என்பது ஒரு ஐரோப்பியக் கனவு. நம்முடையது பார்ப்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிற அரசு. அது தேர்ந்தெடுத்தது ஆசிரியரை.

இது நேற்று வந்த பழக்கமில்லை. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டகத்தின்படி, ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறினால் பள்ளிக்கு மானியம், தேறாவிட்டால் வெட்டு. தானே ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ அர்னால்ட் இதை எதிர்த்து எழுதினார். சென்னை மாகாணத்திலும் இந்த முடிவுக்கேற்ற மானிய முறை அந்த நூற்றாண்டில் நடைமுறையில் இருந்தது. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருகிற விடை ஆசிரியர் வீட்டு அரிசியாக மாறுகிற கணக்கு அப்போது தொடங்கியது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, சார்ட்டுகளைத் தூசி தட்டுவது, ‘தெரிஞ்சவன் வலது கையைத் தூக்கு, தெரியாதவன் இடது கையைத் தூக்கு, ஆனா எல்லாரும் தூக்கணும்டா’ என்று முந்தின நாளே பழக்குவது. இந்தக் கதையை எல்லா மாவட்டத்து ஆசிரியர்களும் தங்கள் பள்ளியில் நடந்ததாகவே சொல்வார்கள். சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. பார்வைக்கு எதிராக ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து நடத்திய ஒரு நாடகம். அதில் ஏமாந்தவர் ஆய்வாளர், இழந்தவன் இடது கையைத் தூக்கியவன்.

எழும்பூர் ஆண்கள் காப்பகத்துக்கு 1789இல் வந்த ஆண்ட்ரூ பெல், இங்கத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை வகுத்து 1797இல் லண்டனில் அச்சிட்டார். லங்காஸ்டர் பள்ளியைப் பற்றி ஃபூக்கோ எழுதுகிற இடத்தில் நம்மூர்ச் சட்டாம்பிள்ளையின் நிழல் விழுகிறது. ஆனால் அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

நம் காலத்துக்கு வருவோம். 2005இல் மைக்கேல் கிரெமரும் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 25 சதவீத ஆசிரியர்கள் வரவில்லை, பாதிப்பேர்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்றது. அந்த 25 ஒரு புள்ளிவிவரம் என்ற நிலையைத் தாண்டி ஒரு கதையாடலாக வளர்ந்தது. உதயப்பூர்ப் பக்கம் தன்னார்வ நிறுவனம் ஒன்று நடத்திய ஓராசிரியர் மையங்களில் கேமரா கொடுத்தார்கள். காலையும் மாலையும் பிள்ளைகளோடு ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் மாற்ற முடியாதபடி அதில் பதிவாகும். படத்தை எண்ணிச் சம்பளம். எஸ்தர் டுஃப்ளோவும் சகாக்களும் செய்த இந்த ஆய்வில் வராமை 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. இதை மறைத்துவிட்டு நாம் வாதாடக் கூடாது. கேமரா வேலை செய்தது. ஆனால் எந்த ஆசிரியரிடம் செய்தது? மாதம் ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில், எந்தப் பணிப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்தவரிடம். ஆயிரம் ரூபாய்க்கு ஒருவரை வைப்பது ஏன் என்ற கேள்வி அந்தப் படத்தின் சட்டகத்துக்குள் விழுவதில்லை. கேமரா அதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதையாடலுக்குத் தனி வரலாறு. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது டீக்கடையில் எத்தனை பேர் சந்தோஷப்பட்டார்கள் என்பதை மறக்க முடியாது. 2019 ஜனவரிப் போராட்டத்தின்போதும் அதே குரல். 2020இல் அது இன்னும் சுலபமானது: ‘வீட்ல உக்காந்து சம்பளம் வாங்குறான்.’ பிள்ளைகளின் வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் போனது, பாடநூல் போனது, இணையப் பதிவேட்டில் ஓயாமல் விவரம் ஏற்றியது எல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்விக்குப் புறம்பான வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. கூடவே மூன்று விலக்கு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல். 2021 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தில் பேரிடரும் தேர்தலும் ஒன்றாக வந்தன. உள்ளாட்சித் தேர்தல் பணிக்குப் போய்த் தொற்றி இறந்தவர்கள் 1,621 பேர் என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் சொன்ன எண் 3. விதிப்படி, பணிக்காக வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும் வரைக்குள் இறந்தால்தான் பணியில் இறந்ததாகக் கணக்கு. வைரஸ் அந்த விதியைப் படித்திருக்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகுதான் இழப்பீட்டு விதி தளர்த்தப்பட்டது. ஆசிரியர் எத்தனை மணிக்குப் பள்ளிக்குள் நுழைந்தார் என்பதை நிமிஷம் பிசகாமல் எண்ணத் தெரிந்த அரசுக்குப் பிணத்தை எண்ணும்போது மட்டும் கை தடுமாறியது.

இந்த இடத்தில் நிறுத்தினால் ஆசிரியர் சங்கத் தோழர்கள் கை தட்டுவார்கள். நிறுத்த முடியாது.

2021 மே மாதம் சென்னையில் புகழ்பெற்ற தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர்மீது, இணைய வகுப்பிலும் அதற்கு முன்பும் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்ற புகார் வெடித்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் முன்னாள் மாணவிகள். முன்பே சொன்னோம், நிர்வாகம் காதில் வாங்கவில்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டின் மையம். அடுத்தடுத்து வேறு பள்ளிகளின் பெயர்களும் வந்தன. சில நாட்களில் அரசு அறிவித்தது: இணைய வகுப்புகள் முழுதாகப் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் சங்கப் பிரதிநிதிகளும் கொண்ட குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும், வகுப்புக்கு ஏற்ற உடையில் வர வேண்டும். புகார் சொல்ல உதவி எண்ணும் கொடுத்தார்கள். பின்னால் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற பெட்டியும் வந்தது.

இந்த உத்தரவை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் இடப்பெயர்வு தெரியும். பெண்கள் சொன்னது, நாங்கள் பேசினோம், நீங்கள் கேட்கவில்லை என்று. பதில், இனிமேல் நாங்கள் பார்க்கிறோம் என்று வந்தது. காது செய்யத் தவறியதைக் கண்ணிடம் ஒப்படைத்தார்கள். அதுவும் யாருடைய கண்? புகாரை அமுக்கியதாகச் சொல்லப்பட்ட அதே நிர்வாகத்தின் கண். மாணவிகளின் முகங்கள் நிறைந்த அந்தப் பதிவுகள் யாரிடம், எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி ஒரு பெண் குழந்தைக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. பெட்டி ஒன்றுதான் இதில் காதின் பக்கம் நின்றது. அதன் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும்வரை அதற்கும் பாதிக் காதுதான்.

ஆனாலும் ஆசிரியர் தரப்பிலிருந்து அப்போது எழுந்த குரலையும் கேட்டோம்: ‘எல்லா ஆசிரியரையும் திருடனாப் பாக்குறாங்க.’ பார்க்கப்படுவதில் உள்ள அவமானம் உண்மைதான். அந்த வகுப்பறையில் பிறந்ததிலிருந்து பார்க்கப்பட்டுக்கொண்டே இருப்பவள் அந்தச் சிறுமி என்பதும் அதே அளவு உண்மை. ‘உன் பேரென்ன, எந்தத் தெரு?’ என்று தொடங்குகிற பார்வையை எந்த ஆய்வுப் படிவமும் இதுவரை பதிவு செய்ததில்லை. கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், கழிப்பறை கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்ற கட்டம் அதில் கிடையாது.

2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பார்வை உச்சத்துக்குப் போனது. தொற்றுக்காலத்தில் விட்டுப்போனதை மீட்பது நோக்கம். நல்ல நோக்கம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்ததில் வகுப்பறைக்குள் கொஞ்சம் உயிரும் வந்தது, அதை மறுப்பவர் அந்த வகுப்புகளைப் பார்க்காதவர். ஆனால் வட்டாரக் கல்வி அலுவலர், ஆசிரியப் பயிற்றுநர், மாவட்டப் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கைப்பேசிச் செயலியோடு வந்து, கையேட்டைப் பின்பற்றுகிறாரா, துணைக்கருவி இருக்கிறதா என்று தட்டிவிட்டுப் போனார்கள். 2023இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு மதிப்பீடு செய்ய முயன்றபோது ஆசிரியர் இயக்கங்கள் எதிர்த்தன. படிக்க வந்தவரிடம் தீர்ப்பெழுதும் வேலையைக் கொடுத்தால் அவர் வகுப்பில் கற்றுக்கொள்ள என்ன மிஞ்சும்? கிஜுபாய் பதேகாவின் ‘பகல்கனவு’ கதையில் வரும் கல்வி அதிகாரி, பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிற ஒருவனிடம் நான்காம் வகுப்பை ஒரு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு வருஷம்! செயலிக்கு நாற்பது நிமிஷம்கூடப் பொறுமை இல்லை.

அப்படியானால் யார் பார்ப்பது? 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கும், பாதி இடம் பெண்களுக்கும் கொடுக்கிறது. நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். தமிழ்நாட்டில் இது உயிர் பெற்றது பள்ளிகள் மறுபடி திறந்த பிறகு, 2022 மறுசீரமைப்பில்தான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. இருக்கைகளை அகர வரிசையில் வைக்க வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியிலிருந்தே அங்கே தலைமையாசிரியரையும் கல்வி அலுவலரையும் நியமிக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அதாவது ஆய்வு செய்ய வருகிறவரின் சாதி என்ன என்று ஓர் அரசுக் குழு கேட்டது. நம் விமர்சனங்கள் கேட்காத கேள்வி. கண்காணிப்பு எதிர்ப்பு என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறபோது, பார்க்க உரிமை இல்லாமலே வைக்கப்பட்டவர்களின் கண்ணையும் சேர்த்துத்தான் நாம் மூடச் சொல்கிறோம்.

மேலாண்மைக் குழு எல்லா இடத்திலும் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. கையெழுத்துக்காக நோட்டு வீட்டுக்கு வருகிற ஊர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிக்குப் போகிற தாய் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி விட்டுவிட்டு வந்த ஒருத்தி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ‘எம் புள்ளைய ஏன் சார் தனியா உக்கார வச்சிருக்கீங்க?’ என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதுகிறவர் தலைமையாசிரியர். எழுதினாரா என்று அவளால் வாசித்துப் பார்க்க முடியுமா, முடியாவிட்டால் அவளுக்கு வாசித்துக் காட்டப்போவது யார் என்பதிலிருந்து நம் பேச்சு தொடங்கலாம்.