பெரியார் நூலும் ஒருபாலார் விவாகமும்

பெரியார் ஈ.வெ.ராமசாமி அவர்கள் இன்றிருந்தால், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விவாகம் செய்துகொள்வதை ஆதரித்திருப்பாரா, எதிர்த்திருப்பாரா என்று நம் அன்பர்களுக்குள் ஒரு விவகாரம் நடந்து வருகின்றது. ஒருபாலார் விவாகத்திற்குச் சட்ட அங்கீகாரம் அளிக்க இந்திய உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17ந் தேதி மறுத்துவிட்டது. அதைக் காட்டி ஒரு கட்சியார், "ஐயா இருந்தால் இதைக் கண்டித்திருப்பார்" என்கின்றனர். மற்றொரு கட்சியாரோ, "ஐயா பேசியதெல்லாம் ஆண் பெண் சமத்துவம், இதில் அவர் பெயரை இழுக்காதீர்" என்கின்றனர். செபராங் ஜெயாவில் குடியேறிவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளும் இதைப்பற்றி நம் அபிப்பிராயத்தைக் கேட்கின்றனர்.

1973 டிசம்பர் 24ந் தேதி காலமான ஒருவர் வாயில் இன்றைய கேள்விக்கு விடை தேடுவது, வேதத்தில் விடை தேடும் புரோகிதனின் வேலையே அன்றி வேறல்ல. தாம் சொல்வதைத் தாம் சொன்னதற்காகவே நம்பவேண்டாமென்று மேடைதோறும் சொல்லிவந்தவர் அவர். இவ்வேலையின் பலன் என்ன என்பதை அமெரிக்காவில் பார்த்தாயிற்று. 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் மனைவியார் கொரெட்டா அம்மையார் ஒருபாலார் உரிமையைப் பகிரங்கமாக ஆதரித்தார். மகளார் பெர்னிஸ் அம்மையாரோ, 2004 டிசம்பரில் அத்தகைய விவாகத்தை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில், தகப்பனாரின் கல்லறையிலிருந்தே புறப்பட்டார். 1963ஆம் வருஷத்து வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்த பேயர்ட் ரஸ்டின் ஆண்களை நேசித்த ஆடவர் என்பதும், அதைச் சொல்லியே எதிரிகள் அவரைத் தூற்றினர் என்பதும் இரு கட்சியாரும் அறிந்ததே. கல்லறை விடை சொல்லவில்லை.

நிற்க. ஆளை விட்டு நூலைப் பார்ப்போம். "பெண் ஏன் அடிமையானாள்?" என்னும் அச்சிறு நூலில் பத்து அத்தியாயங்கள் உள்ளன. அவற்றுள் இவ்விவகாரத்திற்கு மிகவும் உதவுவது, எவரும் எடுத்துக்காட்டாத "கர்ப்பத்தடை" என்னும் அத்தியாயமேயாகும். அக்காலத்தில் கர்ப்பத்தடையை ஆதரித்த மற்றவர்கள் தாயின் சரீர சுகத்தையும் குடும்பத்தின் வறுமையையும் காரணமாகச் சொன்னார்கள். பெரியார் அவற்றை ஒதுக்கி, பெண்ணின் சுயேச்சை ஒன்றையே காரணமாக வைத்தார். அதாவது, இருவர் சேர்ந்து வாழ்வதற்கும் சந்ததி பெறுவதற்கும் இடையே இருந்த முடிச்சை அவர் அவிழ்த்துவிட்டார். ஒருபாலார் விவாகத்திற்கு இன்று சொல்லப்படும் முதல் ஆட்சேபணை யாது? "விவாகம் என்பது வம்ச விருத்திக்கு" என்பதுதானே! அந்த ஆட்சேபணையைச் சொல்லும் சுயமரியாதைக்காரர் தம் தலைவர் நூலைப் பாதியில் மூடிவைத்தவர் என்றே கொள்ளவேண்டும். "ஆண்மை" என்னும் சொல்லே அழியவேண்டுமென்ற கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டு, "இவன் ஆண்மை கெட்டவன்" என்று ஒரு வாலிபனை ஏசுவோரை என்னென்பது?

ஆயினும் நூலின் குறையையும் சொல்லவேண்டும். அதில் எவ்விடத்தும் எதிரெதிரே நிற்பவர்கள் ஆணும் பெண்ணுமே. வேறுவிதமான ஜோடி ஆசிரியர் நினைவிலேயே இல்லை. "காதல்" என்னும் அத்தியாயத்திலோ, காதலைத் தெய்விகப் பீடத்தினின்று இறக்கும் வேகத்தில், அதை ஆசை, தேவை, பழக்கம் என்ற அளவில் நிறுத்திவிட்டார். பெற்றோருக்குப் பயந்து மறைந்து வாழும் இரண்டு பெண்கள் அந்த அத்தியாயத்தைத் திறந்தால், புராணக் காதலைப் பரிகசிக்கும் நல்ல வாதம் கிடைக்கும். தங்கள் துன்பத்திற்கு ஒரு சொல்லும் கிடையாது. ஆதரவுக் கட்சியார் இதை மறைக்காமல் பேசுவது நலம்.

இனி, அம்முறை விவாகங்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டார்கள் போலும். பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கிய காலத்தில், "ஐயர் இல்லாத கல்யாணமும் ஒரு கல்யாணமா?" என்பதே ஊர்ப் பேச்சு. 1953ல் சென்னை உயர்நீதிமன்றமும் ஒரு சுயமரியாதை விவாகத்தைச் செல்லாது என்றது. அவ்விதம் மணந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் மணமற்றவர்களாயினர். அவர்கள் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது. 1967ல் அண்ணா மந்திரிசபை கொண்டுவந்த சட்டத்தினாலேயே அக்குறை நீங்கிற்று. உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லுதல், மாலையோ மோதிரமோ அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று போதும் என்று அச்சட்டம் கூறிற்று. ஆனால் அதிலும் "கணவன்", "மனைவி" என்ற இரண்டு சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. வழக்கத்தில் இல்லை, சட்டத்தில் இல்லை என்று நம்மை அன்று சொன்னதையே இன்று நாம் பிறரைச் சொல்வது நியாயந்தானா என்று கேட்கின்றோம்.

இந்நாட்டு விஷயம் இன்னும் கடுமையானது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் வருஷத்து விவாகச் சட்டம் 1982 மார்ச் 1ந் தேதி முதல் அமலில் உள்ளது. அதன் பயனாக, கோயிலில் எத்தனை மேளம் கொட்டினாலும் கையெழுத்தும் பதிவுமே விவாகமாகும் என்பதை இன்று தோட்டத்துக் கிழவியும் அறிவாள். புரோகிதனை அவ்விதம் ஓரமாக நிறுத்திய அதே சட்டம், ஆணும் பெண்ணும் அல்லாத இருவரின் விவாகம் செல்லாது என்றும் கூறுகின்றது. குற்றச்சட்டமோ அவர்கள் சேர்க்கையையே தண்டிக்கின்றது. இந்தியாவில் அந்தப் பயத்தை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ந் தேதி நீக்கிவிட்டது. விவாகம் ஒன்றே குடும்பத்திற்கு வழியன்று என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியதும் கவனிக்கத்தக்கது. விவாகம் என்ற ஏற்பாட்டையே பிற்காலத்தில் சந்தேகித்த பெரியாரின் வாசகர்களுக்கு அது புதுமையாயிராது.

நம் அபிப்பிராயம் வருமாறு: வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்யும் ஒப்பந்தமே விவாகம் என்று கொண்டவர்கள், அவ்விருவர் எப்பாலார் என்று கேட்பதற்குப் பகுத்தறிவில் ஆதாரம் காட்டவேண்டும். இதுவரை காட்டியவர்களை நாம் காணோம். இரு கட்சியாரும் முதலில் "கர்ப்பத்தடை", "காதல்" ஆகிய இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். விவகாரத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.