எதை எதிர்க்கும் ரகம்?

பயிர்நோய்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள்: ‘இது வேர்நோய்களை எதிர்க்கும் ரகம்.’ தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று எழுதிவிட்டுக் காற்றழுத்தத்தைக் குறிப்பிடாத மாணவனுக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம். இந்த வாக்கியத்தை எழுதுகிறவர்களுக்கு யாரும் எதையும் குறைப்பதில்லை. நட்டமெல்லாம் மானாவாரி விவசாயிக்குத்தான்.

கோவில்பட்டிக் கரிசலையே எடுத்துக்கொள்வோம். 1901 முதல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் ஊர் இது. இங்கே ஒரு பருத்திச் செடி வாடி நின்றால், ஃபுசேரியம் என்ற பூசணம் வேர்வழி நுழைந்து நீர்க்குழாய்களை அடைத்திருக்கலாம். தண்டைப் பிளந்தால் பழுப்புக் கோடுகள் தெரியும். இது வாடல் நோய். அல்லது மாக்ரோஃபோமினா என்ற வேறொரு பூசணம் வேரை அழுகச் செய்திருக்கலாம். வேர்ப்பட்டை நார்நாராய் உரியும், இழுத்தால் செடி கையோடு வந்துவிடும். நம் நாட்டு வாடல் பூசணம் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகளைத் தாக்கும். அமெரிக்கப் பருத்தியைப் பெரும்பாலும் தொடாது. வேரழுகலோ இரண்டையும் விடாது. ‘வேர்நோய்’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் மூட்டை கட்டலாமா?

வாடல் நோயில் ரகத் தேர்வு வென்றது உண்மை. அமெரிக்காவில் ஆர்ட்டன் என்பவர் 1899 முதல், நோய் கண்ட வயலில் பிழைத்து நின்ற பருத்திச் செடிகளின் விதையைத் திரட்டியே எதிர்ப்பு ரகங்களை உருவாக்கினார். ஆனால் பூசணத்திலும் பிரிவுகள் உண்டு. கொண்டைக்கடலையின் வாடல் பூசணத்தில் நான்கு பிரிவுகள் இந்தியாவில் இருப்பதை ஹவாரேயும் நேனேயும் 1982-ல் காட்டினர். ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றொன்றிடம் விழலாம்.

மாக்ரோஃபோமினாவின் கதையே வேறு. கடுகினும் சிறிய கருந்துகள்களாக அது ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். சோளம், உளுந்து, சோயா மொச்சை என ஏறத்தாழ 500 வகைச் செடிகள் அதற்கு இரை. மண் காய்ந்து, வெப்பம் 35 டிகிரியை நெருங்கி, செடி பூத்துக் காய்க்கும் வேளையில் நீருக்குத் தவிக்கும்போதுதான் அது பாய்கிறது. ஈரம் குறையாத வயலில் தேறிய ரகம், வெடித்துக் கிடக்கும் கரிசலில் தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சோளத்தில், கதிர் முற்றிய பின்னும் இலை பச்சையாக நிற்கும் வகைகள் இந்நோயை ஓரளவு தாங்குகின்றன. அங்கே நோய் எதிர்ப்பும் வறட்சி தாங்கும் இயல்பும் பின்னிக் கிடக்கின்றன. சோயா மொச்சையில் ஃபைட்டாஃப்தோரா அழுகலை ஒற்றை ஜீன்களால் தடுத்த அமெரிக்க வெற்றியைச் சொல்லிவிட்டு, கரியழுகலுக்கும் அதுவே வழி என்று எழுதுவது பெரும் பிழை. ஃபைட்டாஃப்தோரா உண்மையான பூசணமே அல்ல. அந்த ஜீன்களையும் புதிய பிரிவுகள் முறியடித்திருக்கின்றன.

“எதிர்ப்பு ரகம் என்றுதானே சார் வாங்கினோம், தையில் உளுந்து ஏன் வேரழுகிக் காய்ந்தது?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். விதைப் பையைக் கொண்டுவரச் சொன்னேன். ‘நோய் எதிர்ப்பு’ என்பது பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்தில், மஞ்சள் தேமல். அது வைரஸ் நோய்.