பேச்சியின் கூலி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு பேய்ச்சிகள். ஒருத்தி பெரியாழ்வாரின் பாட்டில் இருக்கிறாள். நஞ்சு முலையோடு வந்து, பிள்ளைக் கண்ணன் பாலோடு சேர்த்து உயிரையும் உறிஞ்சிவிட, மாண்டுபோகிற பூதனை. ஆழ்வார் மொழியில் அவள் பெயர் பேய்ச்சி. இன்னொருத்தி ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில், பேச்சியம்மன். நடுவில் ஒரு யகர ஒற்று தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே காட்டுப்பக்கம் ராக்காச்சியும் இருக்கிறாள். ராட்சசி என்பதன் நாட்டார் உருவமாகவே அந்தப் பெயரை நான் வாசிக்கிறேன். கோயில் பிரதியில் பிள்ளையைக் கொல்ல வந்தவள், காட்டுப் பிரதியில் பிள்ளைக்குக் காவல். பேச்சி, பேச்சிமுத்து என்று குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர்களிடம் 'இது பூதனையின் பெயர்' என்று சொன்னால் அடிக்க வருவார்கள். (யார் யாருடைய உயிரை உறிஞ்சினார்கள் என்று பார்த்தால், இரத்தக் காட்டேரி யார் என்பதே குழப்பமான விஷயம்தான்.)

பேயைக் கொண்டே பேயை விரட்டுவது நமக்கு மட்டும் உரிய ஏற்பாடல்ல. பால்கன் நாட்டார் நம்பிக்கையில் 'தம்பிர்' என்றொரு ஆள் உண்டு. இரத்தம் குடிக்கும் பிணத்துக்கும் மனுஷிக்கும் பிறந்தவன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பேய் அவன் கண்ணுக்குத் தெரியும். ஊர் அவனைக் கூலிக்கு அழைத்துவரும். அமெரிக்க சித்திரக்கதையில் 1973இல் அறிமுகமாகி, 1998இல் திரைப்படமும் ஆன 'பிளேடு' இவனுடைய வாரிசு. ஆனால் ஒரு வேறுபாடு. தம்பிர் கூலிக்காரன், பிளேடு தன் இரத்தத்தையே வெறுப்பவன். தாகத்தை அடக்க மருந்து ஏற்றிக்கொண்டு, மனிதக் கூட்டாளியோடு சேர்ந்து தன் இனத்தைக் கொல்கிறான். அந்த சுயவெறுப்புதான் அவனுக்கு நாயகத் தகுதியைத் தருகிறது.

இந்தக் கதையாடல் தமிழுக்குப் புதிதல்ல. கம்பனின் வீடணன் வேறு யார்? அரக்க இரகசியங்களை மனிதருக்குச் சொல்கிறான், இந்திரசித்தின் வேள்வியைக் காட்டிக்கொடுக்கிறான், அண்ணன் பிணத்தின் மேல் விழுந்து அழவும் செய்கிறான். போர் தொடங்கும் முன்னமே அவனுக்கு முடி தரப்பட்டுவிட்டது. வைணவத்துக்கு அவன் விபீஷணாழ்வான், திராவிட இயக்கத்துக்குத் துரோகி. கும்பகருணனைத் தூக்கிப் பிடித்து வீடணனைக் கீழே தள்ளிய அந்த வாசிப்பு அன்றைக்குத் தேவையான ஒன்றுதான். மறுக்கவில்லை. ஆனால் அது வீடணனோடு நின்றுபோனது, பேச்சியிடம் வரவில்லை. வந்திருந்தால் சங்கடப்பட்டிருக்கும். பேச்சிக்கு யாரும் முடி சூட்டவில்லை, அவள் பேய்த்தன்மையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பல்லும் நாக்கும் அப்படியேதான்.

நம் ஊரில் யார் பேய்? அற்பாயுசில் போனவர். பிரசவத்தில் செத்தவள், தூக்கில் தொங்கியவன், சாதி மீறியதற்காக வெட்டுப்பட்டவர்கள். நம் ஊரில் யார் சாமி? பெரும்பாலும் அதே ஆட்கள்தான். மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி நாயக்கருக்காகக் கள்ளரை ஒடுக்கப் போனவன்; அதே அரசு மாறுகால் மாறுகை வாங்கியது; இப்போது மீனாட்சி கோயில் வாசலில் காவல் நிற்கிறான். படையல் கிடைத்த பேய் சாமி, கிடைக்காத பேய் பேய். இரண்டுக்கும் இனம் ஒன்று. கோடாங்கி உடுக்கடித்து சாமியை இறக்கிப் பேயை மிரட்டும்போது, கொலையுண்ட ஒருவரை வைத்து இன்னொரு கொலையுண்டவரை விரட்டுகிறோம். விரட்டச் சொல்வது யார்? இருவரையும் சாகவிட்ட ஊர். இதை ஒளித்துவிட்டு நாட்டார் தெய்வ ஆய்வு செய்ய முடியாது என்பது என் கட்சி.

அந்தச் சடங்கில் இன்னொன்றும் நடக்கிறது. "நீ யாரு, எந்த ஊரு, எப்படிச் செத்த?" என்று பேயிடம் கேட்கிறார்கள். உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத கேள்வி. அது வாக்குமூலம் தருகிறது, ஊர் கேட்கிறது, பிறகு உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுகிறார்கள். கேட்டதும் உண்மை, அடித்ததும் உண்மை.

'நாட்டார் தெய்வம் என்றாலே எதிர்ப்பின் குறியீடு' என்று எழுதித் தள்ளிய தோழர்கள் சுடலைமாடன் வில்லுப்பாட்டை உட்கார்ந்து கேட்க வேண்டும். பிணம் தின்றதால் கயிலாயத்திலிருந்து அனுப்பப்பட்டவன் மாடன். பூமியில் அவனுக்குக் கிடைக்கிற வேலை பகவதி கோயில் புதையலுக்குக் காவல். அந்தப் புதையலைத் தொட்ட மந்திரவாதி ஒரு புலையன். அவனுடைய சூலி மகளையே மாடன் பலி கேட்கிறான். விளிம்பில் நிறுத்தப்பட்டவன் மையத்தின் சொத்துக்காக விளிம்பின் வயிற்றைக் கிழிக்கிறான். இங்கே எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

என்னைக் கேட்டால், கதையில் இல்லை, கொடையில் இருக்கிறது. சாமியாடி மேல் இறங்கியதும் அது முதலில் அருள்வாக்கு சொல்வதில்லை, வழக்குப் பேசுகிறது. "எனக்கு என்னலே செஞ்சீக? என்னைய மறந்துட்டீகள்லா?" ஊர் கைகட்டி நிற்கிறது. வீடணன் இப்படி இராமனிடம் ஒருநாளும் பேச முடியாது, அவன் சரணாகதி அடைந்தவன். பேச்சியும் மாடனும் ஒப்பந்தக்காரர்கள். மனசில்லாமல் காவல் நிற்கிறவர்கள். கூலி குறைந்தால் ஊரைத் திருப்பி அடிப்பார்கள் என்ற பயம் ஊருக்கு உண்டு.

அதனால்தான் 2003 ஆகஸ்டில் 1950ஆம் வருஷத்துப் பலித் தடைச் சட்டத்தைத் தூசிதட்டி எடுத்தபோது, அதை ஜீவகாருண்யப் பிரச்சினையாக மட்டும் பார்த்தவர்கள் தவறவிட்டார்கள். அது ஒரு கூலி வெட்டு. 2004 பிப்ரவரியில் சட்டத்தையே கைவிட வேண்டியதாயிற்று. இப்போது வேறு வழியில் வருகிறார்கள். பேச்சி என்றால் பேச்சு, பேச்சு என்றால் சரஸ்வதி, ஆகவே சர்க்கரைப் பொங்கல் போதும். ஒற்றைத் தொலைத்த சொல்லுக்கு ஆட்டையும் தொலைக்கச் சொல்கிறார்கள்.

செண்பகத்தோப்புக் காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயத்துக்குள் வந்தது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். அந்த மேகமலைப் பக்கம் சுற்றிய அரிக்கொம்பனை 2023 ஜூனில் பிடித்தபோது கூட நிறுத்தப்பட்ட கும்கிகளில் ஒன்று முத்து. அதன் பழைய பெயர் அரிசி ராஜா. ஆட்களைக் கொன்றதென்று 2019இல் பொள்ளாச்சிப் பக்கம் பிடித்து, கூண்டில் அடைத்து, பழக்கி, பெயர் மாற்றினார்கள். அரிசிக்காக ஊருக்குள் வந்த ஒன்றை வைத்து அரிசிக்காக வந்த இன்னொன்றைப் பிடித்தாயிற்று.

யானைக்கு வாயில்லை. ஆனால் செண்பகத்தோப்பில் பளியர் குடியிருப்பு இருக்கிறது. வேட்டைத் தடுப்புக் காவலுக்குப் பழங்குடியினரை எடுப்பது தமிழகக் காடுகளில் வழக்கம். காட்டை அறிந்தவன் கண்ணுக்குத்தான் தடம் தெரியும் என்பது காரணம். பால்கன் ஊர்க்காரர்கள் தம்பிருக்குச் சொன்ன அதே காரணம். நிரந்தரமில்லாத வேலை, சொற்பச் சம்பளம், பிடிக்க வேண்டியது சில சமயம் சொந்தக்காரனை. நம் புனைவுகளில் இந்த ஆள் வந்தால் ஒன்று காட்டின் குழந்தை, இல்லையென்றால் வனத்துறையின் கைக்கூலி. சாமியாடி ஊரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை அவர் ரேஞ்சரைப் பார்த்துக் கேட்பதாக எழுதப்பட்ட ஒரு பக்கத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை.